குழாயை எடுப்பதற்கு முந்தைய இருபது நிமிடம்

அன்புள்ள மரியா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முதுநிலை மாணவிகளின் ஆய்வுக்கு வழிகாட்டும் பொறுப்பு உனக்குக் கிடைத்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வார்டில் நின்று பழகியவர் அந்த இடத்துக்குப் போவது மாணவிகளுக்கும் நோயாளிகளுக்கும் நல்லது. நான் இன்னும் நெஞ்சு அறுவைப் பிரிவில்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

அறுவைக்குப் பின் நெஞ்சுக்குள் சேரும் நீரும் காற்றும் வெளியேறப் போடும் நெஞ்சுக்குழாயை எடுப்பதற்கு முன் ஐஸ் பேக் வைத்தால் வலி குறைகிறதா என்று உன் மாணவி ஆராய விரும்புவதாக எழுதி, என் கருத்தைக் கேட்டிருந்தாய். தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அறுவைச் சிகிச்சையின் வலியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குழாயை உருவும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. போன மாதம் எங்கள் வார்டில் பைபாஸ் முடிந்து தேறிவந்த ஒரு விவசாயி, தையலை வெட்டும்வரை எங்களோடு பேசிக்கொண்டிருந்தவர், குழாய் நகர்ந்த கணத்தில் கட்டில் கம்பியை விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுகப் பிடித்துக்கொண்டார். காஸை வைத்து அழுத்தி பிளாஸ்டர் ஒட்டிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. "நெஞ்சை அறுத்தது தெரியலம்மா, இது உள்ள இருந்து எதையோ உருவுன மாதிரி இருந்துச்சு" என்றார். எரிகிறது, இழுக்கிறது என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் ஐஸ் பேக்கைக் கையில் எடுப்பதற்கு முன்பு உன் மாணவி கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். அமெரிக்காவில் புன்டிலோவும் லேயும் 2004-இல் வெளியிட்ட ஆய்வை அவர் முதலில் படிக்கட்டும். இதய அறுவை முடிந்த 74 நோயாளிகளில் சிலருக்கு 4 மில்லிகிராம் மார்ஃபினைக் குழாயை எடுப்பதற்கு 20 நிமிடம் முன்பும், மற்றவர்களுக்கு 30 மில்லிகிராம் கெட்டோரோலாக் என்ற வலி மருந்தை 60 நிமிடம் முன்பும் இரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தார்கள். கூடவே, என்ன செய்யப்போகிறோம் என்பதை மட்டும் ஒரு சாராருக்கும், அது எப்படி உணரப்படும் என்பதையும் சேர்த்து மற்றொரு சாராருக்கும் விளக்கினார்கள். நான்கு பிரிவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. எல்லாரிடமும் வலி குறைவாகவே இருந்தது. எந்த மருந்து என்பதைவிட, அது உச்சத்தில் வேலை செய்யும் நேரத்தில் குழாயை எடுத்ததுதான் பலன் தந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம் வார்டுகளில் நடப்பது என்ன என்று உனக்குத் தெரியாததல்ல. ரவுண்ட்ஸில் "இதை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகிறார். ஊசி போட்ட கையோடு டிரெஸ்ஸிங் டிராலி வந்துவிடுகிறது. மருந்து பிடிக்கும் நேரத்துக்குள் குழாய் குப்பைப் பையில் கிடக்கிறது. இதை மாற்றப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. குழாயை எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே கேஸ் ஷீட்டில் குறித்து, அதற்கேற்ப ஊசி போடும் நேரத்தை வகுத்தாலே போதும். கெட்டோரோலாக் என்றால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் இரத்தக்கசிவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2002-இல் அமெரிக்காவில் 50 பேரிடம் செய்த ஆய்வில் குளிர்ச்சியால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. 2010-இல் துருக்கியில் தெமிர், கோர்ஷித் இருவரும் 90 பேரை மூன்று பிரிவாக்கி, குளிர்ந்த பேக், குளிராத பேக், எதுவும் வைக்காதது என்று ஒப்பிட்டபோது குளிர்ந்த பிரிவில் வலி குறைந்திருந்தது. நரம்பு வலியைக் கடத்தும் வேகத்தைக் குளிர்ச்சி குறைப்பது உண்மைதான். ஆனால் தோல் உண்மையில் எவ்வளவு குளிர்ந்தது என்று தெரியாமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டுப் பேச முடியாது. ஆகவே பேக் வைத்த நிமிடங்களோடு தோலின் வெப்பநிலையையும் உன் மாணவி குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பிரிவினருக்கும் வலி மருந்து உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஐஸின் பலனைக் காட்டுவதற்காக ஒருவரையும் மருந்தில்லாமல் தவிக்கவிடும் ஆய்வுக்கு நீ கையெழுத்துப் போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பேக் வைத்தவரே வலியின் மதிப்பெண்ணைக் கேட்கக் கூடாது. குழாயின் அளவு, எத்தனை நாள் உள்ளே இருந்தது, எடுத்தவர் யார் என்பவையும் பதிவாக வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர் ஒரே சீராக உருவுவதற்கும், புதிதாக வந்தவர் தயங்கித் தயங்கி இழுப்பதற்கும் நோயாளிக்கு எவ்வளவு வித்தியாசம் என்று நாம் பார்த்திருக்கிறோம்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் நம் பெரியவர்கள் பலர் விழிப்பார்கள். "முழு வலி பத்து ரூபாய் என்றால் உங்களுக்கு எத்தனை ரூபாய்?" என்று நான் கேட்பேன், உடனே பதில் வரும். உன் மாணவி விரும்பினால் இதை முதலில் சிலரிடம் சோதித்துப் பார்க்கட்டும்.

மூச்சைப் பற்றியும் கேட்டிருந்தாய். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தச் சொல்வதா, வெளியே விட்டு நிறுத்தச் சொல்வதா என்று நம் பயிற்சிக் காலத்திலேயே இரண்டு கட்சி இருந்ததே. 2001-இல் வெளிவந்த ஆய்வில், காயமுற்ற 69 பேருக்குப் போட்டிருந்த 102 குழாய்களை எடுத்தபோது, நுரையீரலைச் சுற்றி மீண்டும் காற்றுச் சேர்ந்தது முதல் முறையில் 8 விழுக்காடு, இரண்டாவதில் 6 விழுக்காடு; பொருட்படுத்தும் வேறுபாடு இல்லை. எந்த முறையானாலும் நோயாளியிடம் முன்கூட்டியே இரண்டு மூன்று தடவை செய்துகாட்டிப் பழக்குவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். மருந்துக் காத்திருப்பு நேரத்தை அதற்குப் பயன்படுத்தலாம். பைபாஸ் செய்துகொண்ட 40 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியான ஃப்ரீஸ்னரின் ஆய்வில், மருந்தோடு மெதுவான ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியும் சேர்ந்தபோது வலி மேலும் குறைந்தது. எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. செலவே இல்லை, இரவுப் பணியில் தனியாக இருக்கும் நர்ஸும் சொல்லிக்கொடுக்கலாம்.

வேறொன்று, உன் மாணவியின் தலைப்புக்கு வெளியே. குழாய் தேவைக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் அந்த நாள் முழுக்க நோயாளி மேலோட்டமாகத்தான் மூச்சு விடுகிறார், இருமவும் பயப்படுகிறார். நுரையீரல் அறுவைக்குப் பிறகு, காற்றுக் கசிவு இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 450 மில்லி வரை நீர் வந்தாலும் எடுக்கலாம் என்று அமெரிக்காவின் அலபாமாவில் செர்ஃபோலியோ என்ற அறுவை மருத்துவர் 2008-இல் காட்டினார். சீழ், இரத்தம், நிணநீர் வடியும் குழாய்களுக்கு இது பொருந்தாது. எங்கள் பிரிவில் இதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, முடிவானதும் எழுதுகிறேன்.

நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் ஆய்வுத் திட்டத்தை எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பதிவுத்தாளில் "மருந்து கொடுத்த நேரம்", "குழாய் வெளியே வந்த நேரம்" என்று இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் தோழி,
கலைச்செல்வி