என் இடது காலைப் பார்த்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

2024 மே மாதம் என் இடது பாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இன்று ஊன்றுகோல் இல்லை, நொண்டல் இல்லை. காலையில் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் வீட்டிலிருந்து வேலைக்கு நடந்தே போகிறேன். பார்க்கிறவர்கள் "நல்லா ஆயிடுச்சே" என்கிறார்கள். யார் யாரால் ஆனது என்பதைச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது. நேரில் சொல்ல முடிந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். பெயரே தெரியாதவர்களும் வேலை மாறிப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில், இல்லையென்றால் அவர்களைத் தெரிந்தவர்கள் கண்ணில் படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அன்று இருந்த பாத நிபுணர் பெண்ணுக்கு. என் மகள் வயதுதான் இருக்கும்.

நான் ஒரு பள்ளி உணவகத்தில் இந்திய உணவுக் கடை வைத்திருக்கிறேன். 22 வருஷமாக அங்கே நிற்கிறேன். விடிகாலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் மதியம் இரண்டு மணி வரை சிமெண்டுத் தரைதான். இடது கணுக்காலின் உள்பக்கம் வலியும் வீக்கமும் வந்தபோது, முதலில் காட்டிய இடத்தில் சுளுக்கு என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். அப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. செருப்பு உள்பக்கமாகவே தேய்கிறது என்பதை மட்டும் கவனித்திருந்தேன்.

எனக்கு நீரிழிவு உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை பலதுறை மருந்தகத்தில் பாதச் சோதனை செய்வார்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்காகத்தான் அன்று போனேன். சோதனை முடிந்து செருப்பில் கால் நுழைக்கும்போது, அந்தப் பெண் "ஆன்ட்டி, ஒரு நிமிஷம், சுவரைப் பார்த்து நில்லுங்கள்" என்றார். எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தார். கைப்பேசியை வாங்கி ஒரு படம் எடுத்துக் காட்டினார். பின்னாலிருந்து பார்த்தால் வலது காலில் சுண்டுவிரல் மட்டும் எட்டிப் பார்த்தது. இடது காலில் மூன்று விரல்கள் வெளியே தெரிந்தன. குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்து, பாதத்தின் வளைவு தரையோடு படிந்து கிடந்தது. அப்புறம் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். வலது கால் எழும்பியது. இடது குதிகால், பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றும், தரையை விட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை.

கெண்டைக்காலிலிருந்து இறங்கி, உள்கணுக்காலுக்குப் பின்னால் வளைந்து, பாதத்தின் நடுவில் இருக்கும் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற தசைநாண் ஒன்று உண்டு. வளைவைத் தூக்கி நிறுத்துவதில் பெரும் பங்கு அதற்குத்தான். என் காலில் அது நைந்து போயிருந்தது. நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு இது அதிகம் வரும், எடையும் நீரிழிவும் சேர்ந்தால் இன்னும் அதிகம், பலர் சுளுக்கு என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். மருத்துவரிடம் அவர் கேட்கச் சொன்னதால்தான் அரசாங்க மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. ஐந்து நிமிஷம் கூடுதலாக அவர் தரையில் உட்கார்ந்தார். எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்திலிருந்து வந்தது.

அடுத்து அறுவை சிகிச்சை மருத்துவருக்கு. டாக்டர், நீங்கள் உடனே கத்தியை எடுக்கவில்லை. ஆறு மாதம் காலணிக்குள் வைக்கும் அட்டையும் கணுக்கால் பட்டையும் போட்டுப் பார்த்தோம். ஆரம்ப நிலையில் வருகிறவர்களில் பலருக்கு அதுவே போதும் என்றீர்கள். எனக்குப் போதவில்லை. அறுவை சிகிச்சை என்று முடிவான பிறகும் தேதி தர மறுத்தீர்கள். என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8.9 சதவீதம் இருந்தது. "இதோடு வெட்டினால் புண் ஆறாது, எலும்பும் சேராது. குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்றீர்கள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளி விடுமுறையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான்கு மாதம் கழித்து 7.2 என்று வந்த நாளில் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

காகிதத்தில் படம் போட்டு விளக்கினீர்கள். நைந்த தசைநாணை எடுத்துவிட்டு, சிறுவிரல்களை மடக்கும் தசைநாணைத் திருப்பிக் கொண்டுவந்து அதன் இடத்தில் கட்டுவது. குதிகால் எலும்பை அறுத்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்பக்கம் நகர்த்தி, இரண்டு திருகாணி போட்டு நிறுத்துவது. இறுகிப்போன கெண்டைக்கால் தசையைக் கொஞ்சம் தளர்த்திவிடுவது. "எலும்பை அறுக்காமல் முடியாதா?" என்று கேட்டேன். குதிகால் சாய்ந்தே இருந்தால் ஒவ்வோர் அடியிலும் புதுத் தசைநாண் இழுபட்டு, பழையது போலவே நைந்துவிடும் என்றீர்கள். காலம் கடத்தினால் மூட்டுகள் விறைத்துத் தேய்ந்துவிடும், அப்போது மூட்டுகளையே ஒன்றாக ஒட்டவைக்க வேண்டி வரும் என்றும் சொன்னீர்கள். புரிந்த பிறகு பயம் பாதியாகிவிட்டது. கணவரின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, சலுகைக் கட்டணம் மூன்றையும் கூட்டிக் கழித்துச் சொன்ன கட்டணப் பிரிவுப் பெண்ணுக்கும் நன்றி. மீதிப் பயம் அங்கே போனது.

வார்டில் இரவு வேலை பார்த்த மலையாளத் தாதிக்கு: சேச்சி, முழங்காலுக்குப் பின்னால் போட்ட மரத்துப்போகும் ஊசியால் அன்று இரவு கால் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. வலியில்லையே, மாத்திரை எதற்கு என்று கேட்டேன். ஊசியின் வேகம் இறங்கும் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும் என்று என் பக்கத்திலேயே நின்று விழுங்க வைத்தீர்கள். விடிகாலையில் வலி வந்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன். அந்த மாத்திரை இல்லாமல் அது எப்படி இருந்திருக்கும்! இதயத்துக்கு மேலே கால் இருக்க வேண்டும் என்று தலையணையை எத்தனை தடவை வந்து சரிசெய்தீர்கள் என்பதற்குக் கணக்கில்லை.

எதிர்ப் படுக்கையில் ஒரு தமிழம்மா இருந்தார். நீரிழிவால் உணர்ச்சி இழந்த காலில் ஏதோ குத்தியிருக்கிறது. வலிக்காததால் கவனிக்கவில்லை. புண் எலும்பு வரை போய், இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆகிவிட்டது. தன் கால் கட்டோடு படுத்துக்கொண்டு, "தெனமும் ராத்திரி கண்ணாடி வெச்சு உள்ளங்காலைப் பாரும்மா" என்று எனக்குச் சொன்னார். அம்மா, ஓர் இரவுகூடத் தவறாமல் பார்க்கிறேன். உங்கள் பெயரை வாங்காமல் வந்தது என் தப்பு.

வீட்டுக்கு வந்தால் ஆறு வாரம் இடது காலைத் தரையில் வைக்கவே கூடாது. வீட்டுக்குள் முழங்காலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போகும் வண்டியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் துணை. மாமியாருக்காக, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதியோர் வீடுகளுக்கு நடத்தும் ஈஸ் திட்டத்தில் குளியலறையில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தியிருந்தோம். அவை என்னைத் தாங்கின. மாமியாரும் தாங்கினார்.

அவருக்கு 79 வயது. முழுப் பாரத்தையும் சுமந்து என் வலது கால் இரண்டாவது வாரமே வீங்கிவிட்டது. ஒரு மத்தியானம் கண் விழித்துப் பார்க்கிறேன், அத்தை முக்காலியில் உட்கார்ந்து என் வலது பாதத்துக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பதறிக் காலை இழுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் விழுந்து கும்பிட்ட கால்கள் அவருடையவை. என் காலை அவர் தொடுவதா? "சும்மா இரு. இந்தக் கால் நின்னுதானே இந்த வீட்டுக்குச் சோறு வந்துச்சு" என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. அத்தை, நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள், நான்தான் வாசித்துக் காட்டப் போகிறேன். அப்போதும் அழுவேன் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வாரம் இரண்டு முறை விரால் மீன் சூப் கொண்டுவந்தார். அறுத்த புண் ஆற விரால்தான் என்பது இங்கே சீனருக்கும் மலாய்க்காரருக்கும் பழைய நம்பிக்கை. எனக்குத் தமிழும் அவருக்கு மாண்டரினும்தான் சரளம். இடையில் பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், பேசிக்கொள்வோம். தையல் பிரிக்கப் போன நாளில் மழை. பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து, சாய்பலகையைக் கையால் விரித்து, சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்றி, இறங்கும் நிறுத்தத்தில் மறுபடி நனைந்தார். நன்றி சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது. தம்பி, இதோ சொல்கிறேன், நன்றி.

எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது தெரிந்ததும் நடைக்காலணி, பிறகு பிசியோதெரபி. அங்கே இருந்த மலாய்ச் சகோதரி என்னை ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம் என்று முதலிலேயே சொன்னதால், மாலையில் கால் உப்பியபோதெல்லாம் நான் கலங்கவில்லை.

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். வருஷா வருஷம் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை வெறுங்காலோடு பால்குடம் எடுப்பவள் நான். அந்த முறை மகள் எடுத்தாள். காலணி போட்டு, தண்ணீர் பாட்டிலோடு அவள் பக்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்தேன். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். கோவில் வாசலில் காலணியைக் கழற்றி வெறும் பாதத்தைத் தரையில் வைத்தபோது, உங்கள் எல்லார் முகமும் ஒவ்வொன்றாக வந்து போயின.

கடைசியாக, அந்தப் பாத நிபுணர் பெண்ணுக்கு மறுபடி ஒன்று. ஏப்ரல் மாதம் ஒரு காலையில், கடை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபோது இடது குதிகால் எழும்பியது. ஒரே ஒரு முறை. அதை உங்களிடம் காட்ட அந்த வாரமே மருந்தகத்துக்கு வந்தேன். நீங்கள் வேறு இடத்துக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது ஏழு முறை எழும்புகிறது, அம்மா.

நன்றியுடன்,
ஈசூனிலிருந்து, பள்ளி உணவகத்து ஆன்ட்டி