பாட்டு நிற்பதற்குக் காரணம் பிளான் அல்ல, சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நீலகிரியில் ஃபைபர் இணைப்பு வந்த வீடுகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் வைஃபை ஸ்பீக்கர் வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. கூடவே புலம்பலும் வந்துவிட்டது: பாட்டு நடுவில் நிற்கிறது, ஸ்பீக்கர் ஆப்பில் தெரியவில்லை, நேற்று பாடியது இன்று பாடவில்லை. உடனே பலரும் மாதக் கட்டணத்தைக் கூட்டி வேகமான பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். பணம்தான் போகிறது, பாட்டு பழையபடி நிற்கிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடுகளுக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பாட்டு ஆப்களில் உயர்தர ஒலி என்று பொதுவாகக் கிடைப்பது விநாடிக்கு 320 கிலோபிட். சுருக்காத சிடி தரம்கூட 1,411 கிலோபிட்தான், ஒன்றரை மெகாபிட்டுக்கும் குறைவு. 30 மெகாபிட் பிளானில் அறைக்கொன்றாகப் பத்து ஸ்பீக்கர் வைத்தாலும் பாதிகூடத் தீராது. அப்படியிருக்க 30-ஐ 100 ஆக்கி என்ன பயன்? கோளாறு, வைஃபை தரும் ஃபைபர் பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள சில மீட்டரில் இருக்கிறது.

அந்தச் சில மீட்டரில் நிற்பது மலை வீட்டின் சுவர். பழைய பங்களாக்களில் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக ஒன்றரை அடி, இரண்டடி கனம். வைஃபைக்கு 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைகள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அப்படிப்பட்ட ஒரு சுவரிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவரைத் தாண்டும், இரண்டாவதில் திணறும். நடுவில் கணப்படுப்பும் புகைபோக்கியும் இருந்தால் அந்தப் பக்கத்து அறைக்கு எதுவும் போகாது. தென்மேற்குப் பருவமழையில் ஊறிய சுவர், காய்ந்த சுவரைவிடக் கூடுதலாக அலையை விழுங்கும். ஏப்ரலில் நன்றாகப் பாடிய ஸ்பீக்கர் ஜூலையில் விக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, கூரைக்கு அடியில் ஒட்டிய வெள்ளித்தாள் எல்லாம் அலையைத் திருப்பி அனுப்புபவை.

மேகம் இறங்கினால் வைஃபை போய்விடும் என்று ஊரில் சொல்வது மட்டும் சரியல்ல. வீட்டளவு தூரத்தில் மூடுபனியால் வைஃபைக்கு வரும் இழப்பு கணக்கில் எடுக்கும் அளவில் இல்லை. எதிர் மலைக் கோபுரத்திலிருந்து டிஷ் வழியாக இணைய இணைப்பு வாங்கும் எஸ்டேட் வீடுகளில், வழியில் வளர்ந்து நிற்கும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தின் நனைந்த இலைகள் குறுக்கிடும். அது வேறு விஷயம், மரத்தைக் கழித்தால் தீரும். ஊட்டி அருகே முத்தோரையிலுள்ள வானொலித் தொலைநோக்கியைக் குறை சொல்பவர்களும் உண்டு. பாவம், அது 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்கிறதே தவிர எதையும் பரப்புவதில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் இலவசமாகவே கிடைக்கும். ஸ்பீக்கர் இருக்கும் அதே இடத்தில், அதே உயரத்தில் போனை வைத்து, கதவைச் சாத்திவிட்டு, சிக்னல் பலத்தை டிபிஎம் கணக்கில் காட்டும் எண்ணைப் படியுங்கள். மைனஸ் 50 முதல் 60 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. மைனஸ் 67 எல்லைக்கோடு. மைனஸ் 75-க்குக் கீழே போனால் பாட்டு விக்கத்தான் செய்யும். எண் 3 குறைந்தால் (மைனஸ் 60 என்பது மைனஸ் 63 ஆனால்) வந்து சேரும் ஆற்றல் பாதியாகிறது என்பதை நினைவில் வைத்தால், பீரோ மேலிருந்த பெட்டியை இரண்டடி நகர்த்துவது ஏன் வேலை செய்கிறது என்று புரியும்.

பெட்டியின் இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக வருகிறதோ அந்த மூலையிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அலையில் பாதி வெளியே தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. இணைப்பு கொடுக்க ஆள் வரும் நாளிலேயே, பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதலாக இழுத்து வீட்டின் நடுக்கூடத்தில் மாட்டச் சொல்லுங்கள். ஃபைபரை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது, ஆணி அடித்து நசுக்கவும் கூடாது. மூலைகளில் வளைத்துக் கொண்டுபோனால் போதும்.

நடுக்கூடத்துக்கு வந்தும் போதவில்லை என்றால் இரண்டாவது ரவுட்டர் வேண்டும். கடையில் முதலில் நீட்டுவது பிளக்கில் செருகும் ரிப்பீட்டர். அதில் பெரும்பாலானவை ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பிக் கொடுப்பவை, வேகம் பாதியாகிவிடும். வேகத்தைவிடப் பெரிய தொல்லை, சிக்னல் ஏற்கெனவே செத்துப்போன அறையில் அதைச் செருகுவது. வாங்கிக் கொடுக்க அங்கே அதற்கு எதுவும் வந்து சேராது. அறைக்கொன்றாக வைத்துக் கம்பியில்லாமல் இணைக்கும் மெஷ் ரவுட்டர் செட்டுக்கும் கல் சுவர் கல் சுவர்தான். கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்றை விதானத்துக்கு மேலே கொண்டுபோய் அடுத்த அறையில் இறக்கி, இரண்டாவது ரவுட்டரை அதில் மாட்டுவதே நிலையான வழி. 100 மீட்டர் வரை போகலாம். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவு, ஆனால் நம் ஊர் ஈரத்தில் முனைகள் சீக்கிரம் அரித்துவிடும், வளைத்தால் உள்ளுக்குள் ஒடிந்தும்விடும்.

இரண்டாவது ரவுட்டரை மாட்டிய வீடுகளில்தான் ‘ஸ்பீக்கரே தெரியவில்லை’ என்ற புகார் வருகிறது. ஃபைபர் பெட்டி ஏற்கெனவே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை அப்படியே மாட்டினால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் உருவாகிறது. போன் ஒன்றில், ஸ்பீக்கர் மற்றொன்றில். இரண்டிலும் இணையம் வரும், யூடியூப் ஓடும், ஆனால் ஒன்றையொன்று பார்க்காது. ஆப் தன் ஸ்பீக்கரைத் தேட அனுப்பும் அழைப்பு அந்த நெட்வொர்க்கின் எல்லைக்குள்ளேயே சுற்றும், ரவுட்டரைத் தாண்டாது. கண்டுபிடிப்பது எளிது. இரண்டு வைஃபைகளிலும் மாறி மாறிச் சேர்ந்து போனின் ஐபி முகவரியை, அதாவது அந்த நெட்வொர்க்கில் போனுக்குக் கிடைத்துள்ள எண்ணை, பாருங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் மற்றொன்றில் 192.168.0 என்றும் தொடங்கினால் விஷயம் அதுதான்.

சரிசெய்யப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இரண்டாவது ரவுட்டரின் செட்டிங்ஸில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பழைய ரவுட்டரில் அது இல்லையென்றால் கையால் செய்யலாம். ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால், இரண்டாவதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் அதன் டிஹெச்சிபி (DHCP) வசதியை நிறுத்தி, கேபிளை லேன் (LAN) துளை ஒன்றில் செருக வேண்டும். தனி நிறத்திலுள்ள வேன் (WAN) துளை காலியாக இருக்கட்டும். ஃபைபர் பெட்டி தானாகக் கொடுக்கும் முகவரிகள் 192.168.1.2-லிருந்தே தொடங்குகின்றனவா என்று பார்த்து, அப்படியானால் தொடக்கத்தை 192.168.1.20 ஆக மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் முகவரி மோதும். பிறகு இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை.

பாதுகாப்பு முறை என்றதும் இன்னொன்று. வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்த பெட்டியில் பழைய ஸ்பீக்கர்கள் சேராது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள், இரண்டும் கலந்த முறை சில ஸ்பீக்கர்களுக்கு ஒத்துவரும், சிலவற்றுக்கு வராது. பல ஸ்பீக்கர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். இரண்டு அலைக்கும் ஒரே பெயர் இருந்து ஸ்பீக்கர் சேர மறுத்தால், 5-ஐச் சற்று நேரம் நிறுத்திச் சேர்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். இணைய நிறுவனத்தை மாற்றும்போது புதுப் பெட்டிக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் கொடுத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாமே தானாக ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு வேலையில் அரைநாள் மிச்சம்.

புது ஸ்பீக்கரைச் சேர்க்கும்போது கெடுப்பது பெரும்பாலும் போன்தான். பல வகைகளில் ஸ்பீக்கர் முதலில் தானே ஒரு சிறு வைஃபையைப் பரப்பும், போன் அதில் சேர வேண்டும். அதில் இணையம் இல்லை என்பதால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப் ‘முடியவில்லை’ என்று சொல்லும். சேர்த்து முடிக்கும்வரை மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்துவையுங்கள். ஐபோனில் பிரைவசி பகுதியிலுள்ள ‘லோக்கல் நெட்வொர்க்’ பட்டியலில் அந்த ஆப்புக்கு அனுமதி இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் லொகேஷன் போட்டிருக்க வேண்டும், 13-ஆம் பதிப்பு முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற அனுமதியும் கேட்கும். ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டால் ஸ்பீக்கர் கண்ணெதிரே இருந்தும் தெரியாது.

ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களிலும், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் நிலைமை வேறு. சுவரோடு சுவராக வீடுகள், வீட்டுக்கொரு பெட்டி. அங்கே சிக்னல் பலமாகவே இருக்கும், நெரிசல்தான் பிரச்சினை. ஒவ்வொரு அலையும் சேனல் என்ற எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டும். பக்கத்து வீடு 6-இல் இருக்கிறது என்று நீங்கள் 4-ஐ எடுக்காதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் முறைவைத்துப் பேசும், பாதி ஏறிய சேனலில் இருப்பது மற்றதற்கு வெறும் இரைச்சல். சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20 ஆக்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையுள்ள சேனல்கள் பாதுகாப்பானவை. 52 முதல் 144 வரை ரேடார்களோடு பகிர்ந்துகொள்பவை, ரேடார் என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் இடம் மாற வேண்டும், பாட்டு அறுந்துபோகும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் நிமிடங்களில் மட்டும் விக்கினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

பல அறைகளில் ஒரே பாட்டு ஓடவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வகை ஸ்பீக்கர்களில், குழுவிலுள்ள ஒன்றுதான் பாட்டை இணையத்திலிருந்து வாங்கி மற்றவற்றுக்குக் கொடுக்கிறது. அது கடைசி அறையில் மோசமான சிக்னலில் இருந்தால் வீடு முழுக்க விக்கும். ரவுட்டருக்கு அருகிலுள்ளதில் பாட்டைத் தொடங்கி, மற்றவற்றை அதனோடு சேருங்கள். அதில் லேன் துளை இருந்தால் கேபிளே செருகிவிடலாம்.

மின்தடை நமக்குப் புதிதல்ல. மின்சாரம் திரும்பியதும் ஸ்பீக்கர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டி எழ இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். முகவரி கொடுக்க ஆளில்லாமல் சில ஸ்பீக்கர்கள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொண்டு அங்கேயே நிற்கும். எல்லாவற்றையும் அணைத்து, முதலில் பெட்டி, மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது ரவுட்டர், கடைசியாக ஸ்பீக்கர் என்ற வரிசையில் போட்டால் சரியாகும். பெட்டியின் டிஹெச்சிபி பகுதியில் ஸ்பீக்கருக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவைத்தால், திரும்பி வந்தபின் ஆப் அதைத் தேடி அலைவது குறையும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறு யூபிஎஸ் வாங்கினால் இந்தக் கூத்தே இல்லை. வாங்கும் முன் அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஃபைபர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட், ரவுட்டர்களில் 9, 5 வோல்ட்டும் உண்டு. கூடுதல் வோல்ட் கொடுத்தால் பெட்டி புகைந்துவிடும்.

ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு: விருந்தினருக்குத் தனி கெஸ்ட் வைஃபை கொடுப்பது சரியான பழக்கம். ஆனால் அதில் ஒரு சாதனம் மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். விருந்தினரின் போனில் உங்கள் ஸ்பீக்கர் தெரியாமல் போவது கோளாறு அல்ல. அவர்களுக்காக அந்தத் தடுப்பை நீக்காதீர்கள், புளூடூத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர் இடிமழைக்கு ஓர் எச்சரிக்கை. ஃபைபர் கண்ணாடி இழை, மின்னலைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கி வரும் இரும்புக் கம்பி கடத்தும். அந்தக் கம்பியை வெளிச்சுவர்க் கொக்கியிலேயே நிறுத்தி வெட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். பங்களாவிலிருந்து தோட்டத்துக் காட்டேஜுக்குத் திறந்தவெளியில் கேட் 6 இழுக்காதீர்கள், அருகில் விழும் இடி இரண்டு பக்கப் பெட்டிகளையும் கொண்டுபோகும். அந்தத் தூரத்துக்கு இரும்புக் கம்பி இல்லாத ஃபைபரும், இரு முனையிலும் ஃபைபரை நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள்.

இணைப்பு தரும் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. ஃபைபர் பெட்டியின் செட்டிங்ஸுக்குள் போகும் பெயரையும் பாஸ்வேர்டையும் வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். மேலே சொன்னவற்றில் சேனல் மாற்றம், டபிள்யூபிஏ2, முகவரி ஒதுக்குவது எல்லாம் அது இருந்தால் வீட்டிலிருப்பவர்களே பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலை. அது இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் புகார் எண் வாங்கி, மலையேறி ஆள் வரும்வரை காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் கேபிள் பணியாளர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.