சின்னச் சின்னப் பணியாரம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின வீடியோவை நானும் அப்பாவும் நாலைந்து தரம் போட்டுப் பார்த்துவிட்டோம். சின்னவள் மூக்கு நுனியில் மாவோடு நின்று குக்கீஸ் வெட்டுகிறாள், நீ பின்னால் நின்று "மெதுவாய், மெதுவாய்" என்கிறாய், அந்தக் குரல் அப்படியே உன் அப்பாச்சியின் குரல். கோபிக்காதே, உண்மை அதுதான். நத்தார் மரம் என்று வெட்டி உள்ளே வைத்தது வெளியே வரும்போது பூவரசம் இலை மாதிரிப் பரந்துபோய், பக்கத்தில் இருந்த நட்சத்திரத்தோடும் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்து அப்பா சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டம் கவிழ்ந்தது.

அதற்கு வழி கேட்டு வைத்திருக்கிறேன். சந்திக்குப் பாண் வாங்கப் போனபோது வெதுப்பகத்தில் நிற்கிற தம்பியிடம் போனைக் காட்டினேன். பட்டர் இளகிப் போயிருக்கு அம்மா, மா இறுக முதல் அது உருகி ஓடிவிடும், வெட்டினதைத் தட்டோடு அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து, ஓவன் நன்றாகச் சூடான பிறகு உள்ளே வைக்கச் சொல்லுங்கோ என்றான். ஓவன் வீட்டுக்குள் வராத குசினியில் இருந்துகொண்டு கனடாவுக்குப் புத்தி சொல்கிறேன் பார். முந்தி நாங்கள் கேக் போட்டதே சட்டிக்குக் கீழே தணல், மூடிக்கு மேலே தணல் என்றுதான், ஒரு பக்கம் கருகாமல் வந்தால் பெரிய காரியம்.

சரி, நான் எழுத வந்தது வேறு விஷயம். வீடியோவுக்குக் கீழே நீ எழுதியிருந்தாயே, மல்லாவியில் எனக்கென்று சின்னச் சின்னதாகப் பயற்றம் பணியாரம் சுட்டுத் தந்தீர்கள், அப்படி ஒரு ஞாபகத்தை என்னால் இவளுக்குக் கொடுக்க முடியவில்லை, பனிக்குள் குக்கீஸ்தான் சுடுகிறோம் என்று. இரண்டு நாளாக அது மனதில் கிடக்கிறது. அந்தப் பணியாரம் உனக்காகச் சின்னதாகச் சுட்டது இல்லை, பிள்ளை.

அது 1997 தீபாவளி. 96இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவியில் அந்தக் கொட்டிலுக்கு வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. ஏ9 வீதிப் பக்கம் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கைச் சண்டை, இரவில் செல் சத்தம். பொருளாதாரத் தடை என்றபடியால் சாமான் வருவது குறைவு, வந்தாலும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற நிலைமை. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு, அதற்குள் மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கில். உனக்கு ஆறு வயது, பக்கத்துக் கொட்டில் பிள்ளைக்கு அவர்கள் வீட்டில் பலகாரம் சுடப்போகிறார்களாம் என்று வந்து சொல்லிவிட்டு ஒன்றும் கேட்காமல் நின்றாய். கேட்டிருந்தால் ஏசியிருப்பேன்.

அப்பா எங்கேயோ போய் இரண்டு சுண்டு பயறு கொண்டுவந்தார். சீனி ஒரு கைப்பிடி, மிச்சத்துக்கு அப்பாச்சி பனங்கட்டியைத் தட்டிப் போட்டார். பயற்றை வறுத்து, உடைத்து, சுளகில் கோது புடைத்து, உரலில் இடித்து அரித்தபோது வந்த மாவைப் பார்த்தேன். வழமையான அளவில் பிடித்தால் பதினைந்து, பதினாறு வரும். படையலுக்கு எடுத்து, கொட்டில் நாலுக்கும் பங்கிட்டால் உனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொன்று மிஞ்சுவதே சந்தேகம். அதனால்தான் பாக்களவில் பிடித்தேன், நாற்பதுக்குக் கிட்ட வந்தது. ஏன் அம்மா சின்னன் என்று நீ கேட்டாய். உன் வாய்க்கு அளவாய் என்று அப்பாச்சி சொல்லிவிட்டார், அதோடு கதை முடிந்தது. அந்த மனுசி பொய்யே சொல்லாத ஆள். படைக்க முதல் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது, சுடும்போது வெளியாள் வந்தால் கண்பட்டுப் பலகாரம் எண்ணெய் குடிக்கும் என்று கொட்டில் வாசலில் சீலை கட்டி மறைக்கிற ஆள், அன்றைக்குத் தாச்சியில் இருந்து எடுத்த முதல் பணியாரத்தை ஊதி ஊதி உன் கையில் தந்தார். நீ அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினாய். மூலையில் போய் இருந்து மேல் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துத் தின்றுவிட்டு, உள்ளே இருந்த உருண்டையைக் கடைசியாகத் தின்றாய்.

நீ அதைச் சந்தோஷமாக நினைத்து வைத்திருக்கிறாய். நான் இத்தனை வருஷமும் அந்த நாளை வெட்கத்தோடு நினைத்திருந்தேன்.

செய்முறை கேட்டாய் அல்லவா. அங்கே தமிழ்க் கடையில் கோது நீக்கின பயற்றம்பருப்பு இருக்கும், புடைக்கிற வேலை இல்லை. அரைக் கிலோ எடுத்துப் பொன்னிறமாக வறுத்து அரைத்து அரி. பாதித் தேங்காய்ப்பூவை ஈரம் போக வறு. ஏலம், மிளகு, சீரகம் கொஞ்சம். சீனியோ சர்க்கரையோ முந்நூறு கிராம் போலக் காய்ச்சிப் பாணி கம்பிப் பதம் வந்ததும் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே பிடிக்க வேண்டும், ஆறினால் உதிரும். பிறகு அரிசிமாவும் கோதுமை மாவும் தேங்காய்ப் பாலில் கரைத்து மஞ்சளும் உப்பும் போட்டு, அதில் தோய்த்துப் பொரி. கரைசல் தண்ணியாகப் போனால் உருண்டை எண்ணெயில் கரைந்து தாச்சி முழுக்கக் கலங்கல், அது எனக்குக் கலியாணம் முடித்த முதல் வருஷம் நடந்தது, அப்பாச்சி சாகும்வரை சொல்லிக் காட்டினார். பாணி சூடு, சின்னவளை அந்த நேரம் கிட்ட விடாதே. தோய்க்கிற வேலையை அவளிடம் கொடு. எண்ணெய்ப் பக்கம் நீ.

அச்சுப் பலகாரம் பற்றியும் கேட்டிருந்தாய். அந்தப் பித்தளை அச்சு என் அம்மா சீதனத்தோடு தந்தது. 2009 தை மாதம் விசுவமடுவில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் தாச்சியோடு சேர்த்துப் புதைத்தோம், நீயும் மண் தள்ளினாய். முகாமில் இருந்து விட்டு, 2010இல் திரும்பி வந்தபிறகு அப்பா போய் மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார். அடையாளம் வைத்த பாலை மரமே இல்லை. அதற்குப் பிறகு நான் அச்சுப் பலகாரம் சுடவில்லை. கடையில் புது அச்சு தொங்குகிறது, வாங்கலாம் என்று கையில் எடுப்பேன், பாரம் காணாது என்று திரும்பக் கொழுவிவிட்டு வருவேன்.

தைப்பொங்கலுக்கு வீடு கூட்டுகிற வேலை கிடக்கிறது, முடிக்கிறேன். மருமகனைக் கேட்டதாகச் சொல். சின்னவளிடம் ஒரு விஷயம் கேள். அந்த நட்சத்திரம் வெட்டுகிற அச்சில் ஒன்றை அம்மம்மாவுக்குத் தருவாளா, யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்துவிடு. பயற்றம் மாவைத் தட்டையாக அமத்தி அதால் வெட்டிப் பார்க்கப் போகிறேன். தகரம் வேண்டாம், இந்த மாரிக்குத் துருப்பிடித்துவிடும், பிளாஸ்டிக் என்றால் நல்லது.

அன்புடன்,
அம்மா