ஓரத்தை வெட்டாதீர்கள்: பழைய ஸ்காட்லாந்துப் படங்களுக்கு வண்ணம் பூசும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் நண்பர்களே,

ஸ்காட்லாந்தின் பழைய கிராமப் படங்களைத் தேடிப்பிடித்து, செயலியில் போட்டு, வண்ணம் ஏற்றி, முகங்களைத் துலக்கிப் பகிர்கிறீர்கள். அட்லாண்டிக் கடலில் தனித்துக் கிடக்கும் செயின்ட் கில்டா தீவின் பெயரையே உங்களால் கேள்விப்பட்டவர்கள் உண்டு. ஆனால் பகிரும்போது படத்தின் ஓரத்தையும் அதிலுள்ள தலைப்பையும் வெட்டிவிடுகிறீர்கள். அந்த நன்றியோடுதான் இந்தச் சண்டைக்கு வருகிறேன்.

செயின்ட் கில்டாவிலிருந்தே தொடங்குகிறேன். கல் வீடுகளுக்கு முன்னால் தாடிக்கார ஆண்கள் கூடி நிற்கும் படம் அடிக்கடி சுற்றுகிறது. 'ஸ்காட்லாந்து மீனவர்கள், 1800கள்' என்று அதற்கு ஒரு தலைப்பு. அவர்களின் முக்கியப் பிழைப்பு மீன்பிடிப்பே இல்லை. செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளைப் பிடித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். கறி, முட்டை, எண்ணெய் எல்லாம் பறவைதான்; நிலக்கிழாருக்குக் கட்டிய வாடகையில்கூட இறகு உண்டு. அன்றைக்கு என்ன வேலை செய்வது என்று ஆண்கள் காலையில் தெருவில் கூடிப் பேசுவார்கள். வெளியார் அதைப் பாதி கிண்டலாக 'பாராளுமன்றம்' என்றார்கள். 1930 ஆகஸ்ட் 29இல் மிச்சமிருந்த 36 பேரும் தாங்களே கேட்டுக்கொண்டபடி தீவை விட்டுக் கப்பலேறினார்கள்.

1886இல் அந்தத் தீவைப் படமெடுத்தது அபெர்டீனில் இயங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் வில்சனின் நிறுவனம். அவர்கள் விற்ற படங்களின் கீழ் ஓரத்தில் பொதுவாக இடத்தின் பெயர், ஒரு எண், 'ஜி.டபிள்யூ.டபிள்யூ.' என்ற எழுத்துகள் இருக்கும். வில்சனே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார் என்று அதற்குப் பொருள் இல்லை. அவரிடம் வேலை பார்த்தவர்கள் எடுத்ததும் அதே எழுத்துகளோடுதான் வெளிவந்தது. ஆனாலும் எந்த ஊர், யாருடைய கடைச் சரக்கு என்று சொல்வது அந்த ஒரு வரிதான். நீங்கள் 'அசிங்கமாக இருக்கிறது' என்று முதலில் வெட்டுவதும் அதையேதான்.

கிளாஸ்கோவுக்கு வாருங்கள். பழைய நெரிசல் சந்துகளை இடிக்க நகரம் முடிவெடுத்தபோது, இடிக்கும் முன் பதிவு செய்யச் சொல்லி தாமஸ் அன்னன் என்ற புகைப்படக்காரரை அமர்த்தினார்கள். 1868 முதல் 1871 வரை எடுத்தார். 'சந்து, எண் 118, ஹை ஸ்ட்ரீட்' என்பதுதான் ஒரு படத்தின் தலைப்பு. கதவிலக்கமே தலைப்பு! ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டு அந்தச் சந்து எங்கே இருந்தது என்று தேடலாம். தலைப்பைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஏதோ ஓர் அழுக்குச் சந்து.

அந்தப் படங்களில் சில ஆட்கள் புகைபோலத் தெரிவார்கள். அக்காலத்தில் ஒரு படம் பதியச் சில விநாடிகள் பிடிக்கும். அதற்குள் ஓடிய பிள்ளையின் முகம் கலங்கிவிடும். உங்கள் செயலி அந்த இடத்தில் கண், மூக்கு, பல் எல்லாம் வைத்து ஒரு முகத்தைச் செய்து தருகிறது. யாருடைய முகம் அது? கிளாஸ்கோவில் ஒருநாளும் நடமாடாத ஒரு குழந்தையின் முகம். வண்ணம்கூடப் பரவாயில்லை, இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வண்ணத்திலும் சிக்கல் இருக்கிறது. எடின்பரோவை ஒட்டிய நியூஹேவன் மீனவக் கிராமத்தை 1840களில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் இருவரும் காகித நெகட்டிவில் படமெடுத்தார்கள். அந்த முறையில் நீலம் வெளுத்துப் பதியும், சிவப்பு இருண்டு பதியும். ஆக, கோடு போட்ட பாவாடையோடு நிற்கும் மீன்காரப் பெண்ணின் உடையில் எது நீலம், எது சிவப்பு என்று சாம்பல் நிறத்தை வைத்துச் செயலி ஊகிப்பது குருட்டடிதான். அந்தப் படங்களில் தெரியும் சொரசொரப்பும் அழுக்கல்ல, காகிதத்தின் நார். அதை மழித்தால் பிளாஸ்டிக் பொம்மைதான் மிஞ்சும்.

அந்த நியூஹேவன் படங்களில் இருப்பவர்களில் பலரின் பெயர் தெரியும் என்பதையும் கவனியுங்கள். எலிசபெத் ஜான்ஸ்டோன் ஹால் என்ற மீன்காரப் பெண், தூண்டில் கயிற்றைச் சீர்படுத்தும் வில்லி லிஸ்டன். படகடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தகப்பன் பெயர் சாண்டி அல்லது ஜேம்ஸ் லின்டன். அந்த 'அல்லது' எனக்குப் பிடிக்கும். சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதி வைத்த நேர்மை அது. நீங்கள் போடும் 'ஏழை மீனவக் குடும்பம்' அவ்வளவையும் துடைத்துவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? வண்ணம் பூசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மூலப்படத்தை ஓரம் வெட்டாமல் முதலில் போடுங்கள். வண்ணப்படத்தைப் பக்கத்தில், இது செயலியின் ஊகம் என்று எழுதிப் போடுங்கள். எடுத்தவர், ஊர், ஆண்டு, வைத்திருக்கும் நிறுவனம் ஆகியவற்றை விளக்கத்தில் சேருங்கள். வில்சனின் கண்ணாடி நெகட்டிவ்கள் அபெர்டீன் பல்கலைக்கழகத்திலும், அஞ்சலட்டைகள் வெளியிட்ட, டண்டி நகரின் வேலன்டைன் நிறுவனத்தின் படங்கள் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. இரண்டையும் இணையத்திலேயே தேடலாம். அஞ்சலட்டை கையில் இருந்தால் பின்பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்கும் இரண்டாகப் பிரிந்திருந்தால், பிரிட்டனில் அந்த அட்டை 1902க்கு முந்தியதாக இருக்காது. உள்ளே இருக்கும் படம் பழையதாக இருக்கலாம், அது வேறு கணக்கு.

அன்புடன்,
உங்கள் பக்கங்களை விடாமல் பார்க்கும் ஒருவர்