தோட்டா நேராக இருந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் சொந்தமாகத் தோட்டா தயாரித்துச் சுடுபவர்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதை எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய விஷயம். ஆனால், தோட்டாவை உருட்டிப் பார்க்கும்போது அதன் முனையில் செருகியிருக்கும் குண்டு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆடினால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிட வேண்டும், குறி சிதறுவதற்கு முதல் காரணமே அதுதான் என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டெக்சாஸுக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் இதே கிறுக்குதான். அதனால் நாலு வார்த்தை எழுதுகிறேன்.

முதலில் அளவு. தோட்டாவை 'வி' வடிவப் பள்ளமுள்ள கட்டைகளில் படுக்க வைத்து, நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜின் நுனி குண்டின் மேல் படும்படி வைத்து, விரலால் மெதுவாக உருட்டுகிறோம். முள் மூன்று கோடு ஏறி இறங்கினால் ரன்-அவுட், அதாவது மொத்த ஆட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று. குண்டு உண்மையில் மையம் விலகியிருப்பது அதில் பாதி, ஒன்றரைதான். லேத் பட்டறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கட்டுரையில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் பிசகு இரட்டிப்பாகத் தெரிகிறது. கேஜ் தொடும் இடமும் முக்கியம். குண்டைப் பிடித்திருக்கும் கேஸின் (பித்தளைக் கூட்டின்) கழுத்தை ஒட்டித் தொட்டால் குறைவாகவும், முனைப் பக்கம் தொட்டால் அதிகமாகவும் காட்டும். எந்த இடத்தில் அளந்தது என்று சொல்லாத ரன்-அவுட் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

குண்டு சாய்ந்திருந்தால் என்ன ஆகும்? குண்டைச் சுழல வைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய புரிகளுக்குள் சாய்ந்தபடியே நுழைந்தால், அதன் எடை மையம் குழலின் அச்சில் நிற்காமல் அச்சைச் சுற்றி வரும். குழல்வாயைத் தாண்டியதும் அந்தச் சுற்று வேகமே குண்டைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று புரி வெட்டிய குழலில், நொடிக்கு 2,800 அடி வேகத்தில் வெளியேறும் குண்டு நொடிக்கு 3,360 முறை சுழல்கிறது. எடை மையம் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விலகினாலே 100 கெஜத்தில் குண்டு 0.2 அங்குலத்துக்கு மேல் தள்ளிப் போகும். ஆக, கட்டுரையாளரின் கவலை வீண் கவலை இல்லை.

ஆனால் கேஜில் தெரியும் ஆட்டம் அப்படியே எடை மையத்துக்குப் போய்விடுவதில்லை. புரிகள் தொடங்கும் இடமும் குழலும் சாய்ந்த குண்டைப் பெரும்பாலும் நிமிர்த்திவிடுகின்றன. மாறாக, ஈயத்தைப் போர்த்திய செப்பு உறை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், எந்தக் குழலாலும் அதைச் சரிசெய்ய முடியாது, டயல் கேஜுக்கும் அது தெரியாது. தோட்டா ஊசி மாதிரி நேராக இருக்கும், குறி மட்டும் சிதறும். எனவே கையில் இருக்கும் காசை முதலில் நல்ல குண்டில் போடுங்கள் என்பேன். கேஜ் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

துப்பாக்கியை மேசைமேல் தாங்க வைத்து, குண்டுகளை எவ்வளவு நெருக்கமாக அடக்குகிறோம் என்று பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் கதை வேறு. லூயிஸ் பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற டூல் மேக்கரும் 1970-களின் நடுவில் உருவாக்கிய 6 பிபிசி தோட்டாவைப் பாருங்கள். அந்தத் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறையின் கழுத்தையே இறுக்கமாக வெட்டி, அதற்குப் பொருந்தும்படி ஒவ்வொரு கேஸின் கழுத்தையும் சுற்றிலும் ஒரே தடிமனாகச் சீவுகிறார்கள். அந்தத் தோட்டா வருவதற்கு முன்பே, 1973-இல், பெஞ்ச்ரெஸ்டில் மேக் மெக்மில்லன் 100 கெஜத்தில் ஐந்து குண்டுகளை 0.009 அங்குலத்துக்குள் அடக்கினார். அதை முறியடிக்க 40 ஆண்டுகள் ஆயின. 2013-இல் மைக் ஸ்டின்னெட் 0.0077 அங்குலம் சுட்டார். அந்த உலகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மரியாதை உண்டு. கடையில் வாங்கிய வேட்டை ரைஃபிளில் அறைக்கும் கேஸ் கழுத்துக்கும் நடுவிலேயே ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி இருக்கிறது. அங்கே அதே கண்டிப்பைக் காட்டி என்ன பயன்?

ரன்-அவுட் எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கழுத்தின் சுவர் ஒரே தடிமனாக இல்லாதது ஒன்று. இன்னொன்று, சுட்டு விரிந்த கேஸை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டை என்ற கருவியில், கழுத்தின் உட்புறத்தை விரிக்க இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை. அது கழுத்துக்குள்ளிருந்து வெளியே வரும்போது கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துவிடும். காலிக் கேஸின் கழுத்தையே உருட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். தோட்டாவை முடித்த பிறகு நல்லது கெட்டது பிரிப்பதைவிட இது சுலபம்.

கட்டுரையாளர் நிரூபணமாகக் காட்டிய இரண்டு இலக்குத் தாள்களிலும் மூன்று மூன்று ஓட்டைகள்தான். ஒரே பெட்டித் தோட்டாவை மூன்று மூன்றாகச் சுட்டாலே ஒரு தாள் அழகாகவும் அடுத்தது அலங்கோலமாகவும் வரும். அவர் இப்படிச் செய்து பார்க்கலாம். அதிகம் ஆடும் தோட்டாக்களில் குண்டு மேடாக நிற்கும் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, அறைக்குள் கோடு எப்போதும் மேலே இருக்கும்படி வைத்து இருபது சுட வேண்டும். பிறகு கோட்டைப் பார்க்காமல் இருபது. சிதறலுக்குச் சாய்வுதான் காரணம் என்றால், முதல் இருபதும் ஒரே பக்கம் தள்ளப்பட்டு நெருக்கமாக விழ வேண்டும். என் .308 ரைஃபிளில் அப்படி எந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவருடைய துப்பாக்கியில் தெரிந்தால் தாள்களை வெளியிடுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக, 'நீங்களும் முயலலாம்' என்ற பெட்டிச் செய்தி இந்திய வாசகர்களுக்குப் பொருந்தாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நம்மூர்ப் பிள்ளைகள் 50 மீட்டர் போட்டியில் சுடும் .22 தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பவும் முடியாது, தீமூட்டும் மருந்து கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அவர்களுக்கு உள்ள வழி, ஈலி, லாபுவா போன்ற நிறுவனங்களின் சோதனைக்கூடத்தில் தங்கள் ரைஃபிளை வைத்துப் பல லாட்டுகளை (ஒரே தடவையில் தயாரான தொகுதிகளை) சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகும் லாட்டை மொத்தமாக வாங்கிக்கொள்வது. அதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டால் இங்குள்ள எங்களைவிட அங்குள்ளவர்களுக்கு அதிகம் உதவும்.

அன்புடன்,
தங்கள் வாசகன்,
ஆஸ்டின், டெக்சாஸ்