பன்னிரண்டு பேடும் சில கைகளும்

உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றோடு நூறு தடவை, கரண்ட் கொடுத்துக் காலை மிதிக்க வைக்கும் பயிற்சி சைக்கிளை ஓட்டி முடித்துவிட்டேன். 'ஓட்டினேன்' என்று சொல்லலாமா என்பதில் எனக்கும் தம்பிக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. மிதித்தது என் கால்கள், மிதிக்க வைத்தது கரண்ட். உங்களிடம் தனித்தனியாக நன்றி சொன்னால் "அட, இதுக்குப் போயி" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மார்புப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பு மட்டத்தில் எனக்குத் தண்டுவடம் அடிபட்டு மூன்று வருடமாகிறது. மார்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. மூளை அனுப்பும் சேதி அடிபட்ட இடத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதற்குக் கீழே இருக்கிற தண்டுவடமும், அங்கிருந்து தசைக்குப் போகிற நரம்பும் உயிரோடுதான் இருக்கின்றன. தோல்மேல் எலக்ட்ரோடு பேட் ஒட்டிச் சின்னச் சின்ன மின்துடிப்பாகக் கொடுத்தால் அந்த நரம்பு தூண்டப்பட்டுத் தசை சுருங்கும். கால்வானி என்ற இத்தாலிய விஞ்ஞானி தவளைக் காலைத் துள்ள வைத்து 1791-லேயே எழுதி வைத்த சங்கதி இது. சைக்கிளில் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. பெடல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சென்சார் பார்த்துச் சொல்ல, தொடையின் முன்தசை, பின்தசை, பிட்டத் தசை என்று முறை வைத்து மெஷின் தூண்டும். ஒரு காலுக்கு மூன்று தசை, ஒரு தசைக்கு இரண்டு பேட். ஆக மொத்தம் பன்னிரண்டு.

டாக்டர், உங்களிடம் வந்தபோது நாங்கள் அவசரத்தில் இருந்தோம். நீங்கள் அவசரப்படவில்லை. காலில் ரத்தக்கட்டு இருக்கிறதா, படுக்கைப்புண் இருக்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். எலும்பு அடர்த்தி பார்க்காமல் மெஷினைத் தொடவே விடவில்லை. நடக்காத காலில் முழங்காலை ஒட்டிய எலும்புதான் வேகமாக மெலிகிறது, தசை திடீரென்று பலமாக இழுத்தால் அது முறியக்கூட முறியலாம் என்று படம் வரைந்து காட்டினீர்கள். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்று அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே பரிசோதனைக்கு வந்திருந்த அண்ணனை மறக்க முடியாது. அவருக்கு அடிபட்டது முதுகின் அடிப்பகுதியில். தசைக்குப் போகும் நரம்பின் வேரே போய்விட்டது. எவ்வளவு கரண்ட் ஏற்றியும் அவர் கால் அசையவில்லை. வெளியில் பார்ப்பவர்களுக்கு இரண்டு பேருமே 'கால் வராதவர்கள்'தான். உள்ளே இரண்டும் வேறு வேறு. அடுத்து என் முறை. என் தொடை துள்ளியதும் அந்த அறையில் முதலில் கை தட்டியவர் அவர்தான். அண்ணே, அந்தக் கைதட்டலுக்கு என்ன பதில் செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் மேடம், நீங்கள் சொன்ன முதல் வாக்கியமே, "இது உங்களை நடக்க வைக்காது" என்பதுதான். அதற்குமுன் வேறோர் இடத்தில், "ஆறே மாசத்துல எழுந்து நடப்பார்" என்று சொல்லி, எங்களிடம் இருந்ததையெல்லாம் கரைத்திருந்தார்கள். அம்மா அந்த ஆறு மாதத்தை நாட்காட்டியில் அடித்து அடித்து எண்ணினாள். அப்புறம் உங்களிடம் வந்தோம். நடக்க வைக்காது, ஆனால் கிடக்கிற தசைக்கு வேலை கொடுக்கும், இதயத்துக்கு வேலை கொடுக்கும், கையை மட்டும் ஆட்டிச் செய்யும் பயிற்சியில் உடம்பின் பெரிய தசைகள் சும்மாவே கிடக்கின்றன என்றீர்கள். முழுசாக நம்ப முடிந்தது அதைத்தான்.

முதல் நாளைச் சொல்ல வேண்டும். கரண்டை ஐந்து ஐந்து மில்லி ஆம்பியராக ஏற்றிக்கொண்டே வந்தீர்கள். நாற்பதில் தோல் மட்டும் லேசாகத் துடித்தது. அறுபதைத் தாண்டியதும் தொடையின் நடுவில் ஒரு உருண்டை திரண்டு மேலே வந்தது, உள்ளே யாரோ முஷ்டியை மடக்கியதுபோல. அப்புறம் முழங்கால் நீண்டது. என் கால்தான், ஆனால் எதுவும் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "வலிக்குதாப்பா?" என்றாள் அம்மா. வலித்தால் தேவலையே என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு நிமிடத்தில் கால் களைத்துப்போய், மீதியை மோட்டார் சுற்றியது. உடம்பு தானாக இயங்கும்போது களைக்காத சின்ன இழைகளை முதலில் எழுப்பி, அவற்றையும் மாற்றி மாற்றித்தான் வேலை வாங்கும். கரண்டுக்கு அந்த நாசூக்கு கிடையாது, அகப்பட்ட இழைகளையெல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். அன்று திரையில் வந்தது 3 வாட். இப்போது 11 வாட் வருகிறது. எல்.இ.டி. பல்பு ஒன்று எரியும். சிரிக்காதீர்கள், அந்தப் பல்புக்கு நூறு ஓட்டம் ஆகியிருக்கிறது.

தம்பி, இது உனக்கு. மெஷினைப் பார்க்க வருகிறவர்கள் ஸ்விட்சைப் போட்டால் கால் தானாகச் சுற்றும் என்றுதான் நினைக்கிறார்கள். அதற்குமுன் நீ செய்கிற முக்கால் மணி நேர வேலை அவர்கள் கண்ணில் படுவதில்லை. தொடை முடியை மழித்து, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, பேனாவால் நீ வரைந்த கட்டத்துக்குள் பேடை ஓரம் தூக்காமல் ஒட்டி, முடிந்ததும் நுனியைப் பிடித்து மெதுவாக உரித்து, பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டி வைத்து, கடைசியில் மொபைல் டார்ச் அடித்துத் தோலைப் பார்ப்பாய். ஒருநாள் வலது பின்தொடையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. பேடின் பசை ஒரு பக்கம் காய்ந்துபோய், கரண்ட் முழுக்கச் சின்ன இடத்தில் இறங்கியிருக்கிறது. தோல் கருகினாலும் எனக்குத் தெரியாது. நீ பார்த்தாய். அந்தச் சிவப்பு மறையும்வரை சைக்கிளைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டாய். நான் திட்டியதையும் வாங்கிக்கொண்டாய்.

போனில் மட்டுமே பழக்கமான வீல்சேர் நண்பரே, என் உயிரில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. மார்பின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதாவது தொந்தரவு என்றால், மூத்திரம் தேங்கினால்கூட, ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும், பக்கவாதம்வரை போகலாம் என்று எச்சரித்தீர்கள். "தலை விண்ணுன்னு தெறிச்சா முதல்ல நிமிர்ந்து உட்காரு, அடுத்தது மூத்திரக் குழாயைப் பாரு" என்று பாடம் மாதிரி ஒப்பிக்க வைத்தீர்கள். முப்பதாவது தடவையோ என்னவோ, பாதி ஓட்டத்தில் நெற்றி வியர்த்து, முகம் சிவந்து, தலை தெறித்தது. தம்பி மெஷினை நிறுத்தினான், என்னை நிமிர்த்தினான், தொடைப் பட்டையைத் தளர்த்தினான். பட்டைக்கடியில் குழாய் மடங்கிக் கிடந்தது. நேராக்கிய சில நிமிடத்தில் தலைவலி இறங்கியது. இப்போதெல்லாம் பையைக் காலி செய்து, குழாயை இரண்டு முறை தடவிப் பார்த்த பிறகுதான் பட்டை.

சென்சார் மக்கர் செய்தபோது வந்த இன்ஜினியரிங் படிக்கும் பையனுக்கும் நன்றி. வேகம் கூடினால் பெடல் தடுமாறுகிறதே என்றதற்கு, கரண்ட் போய்த் தசை விசை கொடுக்க ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், நிமிடத்துக்கு 50 சுற்றில் அதற்குள் பெடல் 30 டிகிரி தாண்டிவிடும், அதனால் முன்கூட்டியே தூண்ட வேண்டும் என்று என் முன்னாலேயே கணக்குப் போட்டான். 2016-இல் சூரிச் அருகே நடந்த சைபத்லான் போட்டி வீடியோவைக் காட்டியதும் அவன்தான். என்னைப்போன்றவர்கள் இதே மாதிரி தூண்டுதலில் மூன்று சக்கர வண்டியை மிதித்துப் பந்தயம் ஓட்டினார்கள். ஜெயித்த அமெரிக்கர் மார்க் மூனுக்கு எலக்ட்ரோடு உடம்புக்குள்ளேயே பொருத்தியிருந்தது. "அப்போ பேடு ஒட்ட ஆள் வேண்டாமா?" என்று தம்பி கேட்ட குரலில் இருந்த ஏக்கம் எனக்குப் புரிந்தது.

பண உதவி செய்துவிட்டுப் பெயர் போடாதே என்றவர்களே, போடவில்லை. நன்றி மட்டும்.

சரி, என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். தொடைச் சுற்றளவு இரண்டரை சென்டிமீட்டர் கூடியிருக்கிறது, பழைய பேன்ட் பிடிக்கிறது. ஓட்டிய இரவில் கால் வெட்டி இழுப்பது குறைந்து, அம்மாவும் தூங்குகிறாள். உட்காருமிடத்தில் எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே கொஞ்சம் சதை வந்திருக்கிறது. எலும்பு அடர்த்திக்கு, நான் ஓட்டுகிற அளவு போதாது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். கால் இன்னும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

தம்பி, நாளைக்கு வரும்போது ரேசர் வாங்கி வா. இருக்கிறது மழுங்கிவிட்டது, முடியும் வளர்ந்துவிட்டது.