சின்னவனின் காதுகுத்துக்கு முன் அக்காவுக்கு ஒரு கடிதம்

அக்கா,

நேற்று நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல நா எழவில்லை. "சின்னவனை உன் மடியில் உட்கார வைக்கலாமா, இல்லை பெரியப்பா மகனையே கேட்கட்டுமா?" என்றாய். கேட்கும்போது குரலைத் தணித்துக்கொண்டாய். மாமா பக்கத்தில் இருந்தார் போலிருக்கிறது.

என் மடியில்தான். வேறு யாரையும் கேட்காதே.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் 2018இல் பெரியவளுக்குக் காது குத்தியபோது நான் வராததை ஊரே பேசியது. சீர் செய்யப் பயந்து தாய்மாமன் ஒளிந்துகொண்டான் என்று பந்தியில் பேசினார்களாம். நீ மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். ஊரறியப் பேசியதற்கு ஊரறியவே பதில் எழுதுகிறேன். சிலவற்றை மட்டும் இங்கே எழுத மாட்டேன். பெரியவள் ஒருநாள் இதைப் படிப்பாள்.

அந்த மொட்டைமாடி இன்னும் என்னை விடவில்லை. நீ வடகம் காயப் போட்டிருந்தாய். அவளுக்கு ஐந்து மாதம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தூக்கி வந்தாய். காகம் வந்து வடகத்தின் மேல் உட்கார்ந்தது. "இவளைப் பிடிடா" என்று என் பக்கம் நீட்டினாய். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து படிக்கட்டுக் கதவில் முதுகு இடிக்கும் வரை போனேன். முதலில் சிரித்தாய். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "பெண் குழந்தை என்பதாலா?" என்று கேட்டாய்.

நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, செருப்புகூட மாட்டாமல் பஸ் நிலையம் வரை நடந்தேன். வடகம் முழுவதும் காகத்துக்குப் போயிருக்கும்.

அக்கா, அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான். என் மனதில் வந்தது என்ன என்பதை நீ ஊகித்துக்கொள். எது நடந்துவிடக் கூடாது என்று உயிர் பதறுகிறதோ, அதையே எனக்கிருந்த ஓசிடி என்ற மனநோய் கண் முன் கொண்டுவந்து காட்டும். காட்டிவிட்டு, "நீ செய்ய மாட்டாய் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கும். ஒரு நாளுக்கு நூறு முறை கேட்கும்.

அதனால்தான் தினமும் ஏழெட்டு முறை போன் செய்தேன். "பாப்பா நன்றாக இருக்கிறாளா?" "நன்றாகத்தான் இருக்கிறாள்டா." நீ ஒரு முறைகூடச் சலித்துக்கொண்டதில்லை. அந்தப் பதில் எனக்குக் கால் மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடியும் சந்தேகம், மறுபடியும் போன். உன் பொறுமையில்தான் என் நோய் வளர்ந்தது என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏழெட்டு முறை போன் செய்கிறவன் ஏன் வாசல்படி மிதிக்கவில்லை என்று உனக்கு ஒரு தடவையாவது தோன்றவில்லையா? எனக்குச் சளி பிடித்தால் குரலிலேயே கண்டுபிடிக்கிறவள் நீ. பூசாரியிடம் கூட்டிப்போகத் தோன்றிய உனக்கு, பக்கத்தில் உட்கார வைத்து என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. அங்கே எலுமிச்சம்பழம் அறுக்கக் கத்தியை எடுத்ததும் நான் பதறினேன். கத்தி என் கைக்கு வந்துவிடுமோ என்ற பதற்றம் அது. பேய் பயப்படுகிறது என்றார் பூசாரி. நீ கையெடுத்துக் கும்பிட்டாய்.

சரி, விடு. உனக்கும் அப்போது கைக்குழந்தை. வீட்டில் வேறு பிரச்சினைகள். அதெல்லாம் இங்கே வேண்டாம்.

ஓசிடி என்றால் ஓயாமல் கை கழுவுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2021இல் ஒரு மருத்துவர், "அந்த எண்ணம் வந்தவுடன் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். மனதுக்குள் ஒன்பது முறை முருகா என்று சொல்வதை, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காருவதை, உனக்குப் போன் செய்வதைச் சொன்னேன். இவையும் கை கழுவுவது போலத்தான் என்றார். இப்படிப்பட்ட எண்ணங்கள் நோயில்லாதவர்களில் பெரும்பாலானோருக்கும் வருகின்றன என்று உளவியலாளர்கள் ராக்மேனும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் 1978லேயே எழுதியிருப்பதைச் சொன்னார். மற்றவர்களுக்கு அது வந்த வழியே போய்விடுகிறது. நான் போக விடாமல் பிடித்து வைத்து விசாரித்துக்கொண்டிருந்தேன். அன்று மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

செர்ட்ராலின் என்ற மாத்திரை 50 மில்லிகிராமில் தொடங்கி 200 வரை போனது. அது வேலை செய்ய மூன்று மாதமானது. மாத்திரையைவிடக் கடினம் பயிற்சி. அந்த எண்ணத்தை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, என் குரலிலேயே பதிவு செய்து, தினமும் முக்கால் மணி நேரம் கேட்க வேண்டும். கேட்கும்போது முருகனைக் கூப்பிடக் கூடாது. முக்கியமாக, உனக்குப் போன் செய்யக் கூடாது.

அந்த ஆடி மாதத்திலிருந்து நான் போன் செய்யவில்லை என்று இன்றுவரை குறைப்படுகிறாயே, நான் குணமாகத் தொடங்கிய மாதம் அது. உன்னிடம் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பெரியவளை என் கண்ணிலேயே காட்ட மாட்டாய் என்று பயந்தேன். இப்போதும் அந்தப் பயம் இருக்கிறது. அதையும் மீறித்தான் எழுதுகிறேன்.

நாற்பதுக்கு முப்பதில் இருந்த நோயின் அளவு இப்போது ஒன்பது. மாத்திரை தொடர்கிறது. எண்ணம் இன்னும் வரும். வந்தால் வரட்டும் என்று விட்டுவிடப் பழகியிருக்கிறேன். பெரியவள்தான் என் மடியில் ஒரு முறைகூட உட்காராமல் எட்டு வயதாகிவிட்டாள். அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. நீ எனக்காகக் கேட்டுவிடாதே. நானே கேட்கிறேன்.

தோடு எடுத்துவிட்டேன், சிவப்புக்கல் வைத்தது. பெரியவளுக்கும் ஒரு ஜோடி எடுத்திருக்கிறேன். ஆசாரி ஊசியை எடுக்கும்போது என் முகம் வெளுக்கலாம், கை நடுங்கலாம். பெரியப்பா மகன் ஓடி வருவான், அவனைத் தடுத்துவிடு. நீயும் குழந்தையை வாங்காதே. "ஒன்றும் ஆகாதுடா" என்று மட்டும் சொல்லிவிடாதே, அக்கா. பேசாமல் பக்கத்தில் நில்.